மே மாதத்தில் மக்கர் பண்ணும் பெட்டி

கார் ஏ.சி. மார்கழி மாதத்தில் கெட்டுப்போனதாக யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அது பொறுமையாகக் காத்திருக்கும். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து, பின் சீட்டில் பெரியவர்கள், குழந்தை குட்டிகள் எல்லோரையும் அடைத்துக்கொண்டு, பரனூர் டோல்கேட் வரிசையில் இருபதாவது வண்டியாக நாம் நிற்கும்போது, "இதுக்கு மேல என்னால முடியாது" என்று கையை விரித்துவிடும். அதே வண்டி ராத்திரி எட்டு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி ஜில்லென்று ஓடும்.

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஏழு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார். ஆகவே எனக்குச் சோறு போடுகிற விஷயத்தையே எழுதுகிறேன். வண்டிகளைக் குளிர்விப்பதுதான் என் உத்தியோகம். ஆரம்பம் ரிப்பேர் குறிப்பு மாதிரி இருந்தாலும் இது சரித்திரக் கட்டுரைதான். ஏனென்றால் மே மாதத்தில் ஏ.சி. படுத்துக்கொள்வதற்கும், பட்டறையில் "கேஸ் கம்மியா இருக்கு ஸார், டாப்-அப் பண்ணிட்டா சரியாயிடும்" என்று சொல்வதற்கும் பின்னால் எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

முதலில் கொஞ்சம் தெர்மோடைனமிக்ஸ். அரியர் வைத்துத் தாண்டியவர்கள் பயப்பட வேண்டாம், ஒரே பாராவில் முடித்துவிடுகிறேன். காருக்குள் இருக்கிற சூட்டை வாரிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் ஏ.சி.யின் வேலை. டாஷ்போர்டுக்குள் இருக்கிற எவாப்பரேட்டரில் வாயு சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. வண்டியின் மூக்கில் இருக்கிற கண்டென்ஸரில் அது சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகித் திரும்புகிறது. இறக்கி வைக்கிற இடம் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு அந்தப் பக்கம் போகும். வெளியே 40 டிகிரி என்றால் கண்டென்ஸர் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. அன்றைக்குத் தார் ரோட்டின் மேல், முன்னால் நிற்கிற லாரியின் புகைக்குள் நின்ற வண்டியின் கண்டென்ஸர் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்குக் குளிர் எப்போது மிக அதிகமாகத் தேவையோ, அப்போதுதான் சூட்டைக் கொட்ட இடம் மிகக் குறைவு. கோளாறின் வேர் இதுதான்.

இனி கதை. 1920-களில் வீட்டுக் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு இவைதான் ஓடின. மூன்றுமே பொல்லாத வாயுக்கள். கசிந்தால் ஆளையே காலி பண்ணும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாக ஃப்ரிஜிடேர் இருந்ததால், "விஷமில்லாத, தீப்பற்றாத ஒரு வாயு கொண்டு வா" என்று தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளரிடம் சொன்னார்கள். அவர் படித்தது மெக்கானிக்கல். 1928-ல் அவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்ததுதான் பிற்பாடு ஆர்-12 என்று பெயர் பெற்ற குளோரோஃப்ளூரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. 1930-ல் அமெரிக்க ரசாயனக் கழகக் கூட்டத்தில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி, எரிகிற மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் இல்லை, இரண்டுக்கும் ஒரே மூச்சில் ருசு! பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தவரும் இதே மனிதர்தான். ஒரே ஆள் இரண்டு முறை உலகத்தின் காற்றைக் கெடுத்தார் என்று இப்போது அவரைத் திட்டுகிறார்கள். ஈயத்தைப் பொறுத்தவரை அந்தத் திட்டு நியாயம், ஏனென்றால் அது விஷம் என்பது அன்றைக்கே தெரியும். ஆர்-12 விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் அவர் கொடுத்தார். வாயு வானத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆபத்தில்லாத வாயு கிடைத்ததும் காருக்குள் கொண்டுபோகத் துணிவு வந்தது. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்டு கம்பெனி தன் 1940-ம் வருஷத்து மாடலை ஏ.சி.யோடு காட்டியது. கூடுதல் விலை 274 டாலர். எவாப்பரேட்டர் டிக்கியில் உட்கார்ந்திருந்தது. சாமான் வைக்கிற இடத்தில் பாதி அதற்கே போய்விடும். பின்னாலிருந்து வருகிற குளிர்காற்று நேராகப் பிடரியில் அடிக்கும். வேடிக்கை என்னவென்றால், கம்ப்ரஸரை நிறுத்த வழியே கிடையாது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். ஏ.சி. வேண்டாமென்றால் வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். இரண்டே வருஷத்தில் பேக்கார்டு கடையைக் கட்டிவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகு டெக்ஸாஸ் மாதிரி வெயில் பிரதேசங்களில் சின்னச் சின்னப் பட்டறைகள் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் ஏ.சி. பெட்டிகளைப் பண்ணி விற்றன. நம்மூரில் அம்பாஸடர், பத்மினி வண்டிகளில் கியர் லீவருக்கு முன்னால் தொங்கி முழங்காலில் இடித்த பெட்டி ஞாபகம் இருக்கிறதா? சீனியர்களுக்கு இருக்கும். அது அந்தப் பரம்பரைதான். பெரிய கம்பெனிகள் 1953-ல் மறுபடி இறங்கின. 1954-ல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் டிக்கியிலிருந்து கிளப்பி முன்பக்கம் கொண்டுவந்தது. ஹீட்டர், காற்றுப் போக்கு, குளிர் மூன்றும் ஒரே அமைப்பாக டாஷ்போர்டுக்குப் பின்னால் அடங்கின. விலை 345 டாலர். நாஷ் அப்போது நாஷ்-கெல்வினேட்டர். ஃப்ரிட்ஜ் செய்கிறவர்கள் கார் செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம். 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புது கார்களில் பாதிக்கு மேல் ஏ.சி. வந்துவிட்டது.

இந்த இருபது வருஷத்தில் இரண்டு பழக்கங்கள் நிலைத்தன. மே மாதக் கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றின் வாரிசுகள்.

ஒன்று, கண்டென்ஸரை ரேடியேட்டருக்கு முன்னால் நிற்க வைத்தது. காற்று அங்கேதான் வருகிறது, வேறு இடமும் இல்லை. ஆனால் கண்டென்ஸரைத் தொட்டுச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. ஒரே காற்றுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சரியான பங்காளிச் சண்டை. பழைய டிரைவர்கள் கல்லாறு தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது, "ஏ.சி.யை ஆஃப் பண்ணிக்கிறேங்க, ஹீட் ஏறுது" என்பார்களே, அந்தச் சண்டையில் எஞ்சின் பக்கம் பேசியவர்கள் அவர்கள். வண்டி நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் மின்விசிறி ஒன்றுதான் கதி.

இரண்டு, கசிவு. வீட்டு ஃப்ரிட்ஜ் இருபது வருஷம் ஓடுகிறது, யாரும் அதற்கு வருஷா வருஷம் கேஸ் போடுவதில்லை. காரில் மட்டும் ஏன் குறைகிறது? ஃப்ரிட்ஜில் மோட்டாரையும் கம்ப்ரஸரையும் சேர்த்து ஒரே இரும்புக் குடத்துக்குள் போட்டு வெல்டு வைத்து மூடியிருக்கிறார்கள். காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின். ஆகவே ஷாஃப்ட் வெளியே வந்தே தீர வேண்டும். வெளியே வருகிற இடத்தில் ஒரு ஸீல், அது தேயும். எஞ்சின் ஆடுகிறது, கண்டென்ஸர் ஆடுவதில்லை. ஆகவே நடுவில் ரப்பர் ஹோஸ் வேண்டும், அதன் சுவர் வழியாகவே வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மலிவான, ஆபத்தில்லாத வாயு என்பதால் கசிந்தால் கசியட்டும், மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க "டாப்-அப்" என்கிற பழக்கம் இப்படித்தான் பிறந்தது.

கசிந்த வாயு எங்கே போயிற்று? இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வீரபத்ரன் ராமநாதன் 1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்தார். முதல் வேலை செகந்தராபாதில் ஒரு குளிர்பதனக் கம்பெனியில். குளிர்சாதனங்களிலிருந்து வாயு ஏன் இவ்வளவு கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நம்மில் எத்தனை பேர் முதல் வேலையை "இதெல்லாம் ஒரு வேலையா" என்று சலித்துக்கொண்டிருக்கிறோம்! அவர் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார், அப்புறம் அமெரிக்கா. 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு பேர், சி.எஃப்.சி. மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்று எழுதினார்கள். அடுத்த வருஷமே, 1975-ல், ராமநாதன் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் இன்னொரு குண்டைப் போட்டார். இதே வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் போர்வையாகவும் வேலை செய்கிறது, ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு மேல் சமம் என்றார். கசிவைத் தேடிக் குழாய்களைத் தடவிய அனுபவம் இருந்தவருக்கு, அந்த வாயு எவ்வளவு சுலபமாக வெளியே போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மற்றது பேப்பரில் படித்த சரித்திரம். 1985-ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோயிருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 1992-ல் சேர்ந்தது. 1995-ல் மோலினாவுக்கும் ரோலண்டுக்கும், கூடவே குரூட்ஸனுக்கும் நோபல் பரிசு. பணக்கார நாடுகளில் ஆர்-12 உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. நம் நாட்டில் 2003 ஜனவரி 1 முதல் புதுக் கார் ஏ.சி.களில் சி.எஃப்.சி. கூடாது என்று விதி வந்தது. 2010 ஜனவரி 1-ல் வளரும் நாடுகளுக்கும் அடியோடு நிறுத்தம்.

பதிலுக்கு வந்தது ஆர்-134ஏ. குளோரின் கிடையாது, ஓசோனைத் தொடாது. ஆனால் மாப்பிள்ளை மாறினால் சீர்வரிசையும் மாறத்தானே வேண்டும். பழைய கனிம எண்ணெயோடு இது கலக்காது, வேறு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். மூலக்கூறு சின்னது, ஆகவே ஹோஸுக்குள் நைலான் பூச்சு வேண்டும். ஓ-ரிங் ரப்பரும் மாற வேண்டும். இதெல்லாம் போக முக்கியமான சங்கதி அழுத்தம். 21 டிகிரியில் ஆர்-12 காட்டுவது சுமார் 70 பி.எஸ்.ஐ., ஆர்-134ஏ காட்டுவது 71. வித்தியாசமே இல்லை. 60 டிகிரிக்குப் போங்கள்: ஆர்-12 சுமார் 207, ஆர்-134ஏ 229. சூடு ஏற ஏறப் புது வாயு அதிகமாக முறுக்கிக்கொள்கிறது. எனவே புதிதாக வடிவமைத்த வண்டிகளில் கண்டென்ஸரையே மாற்றினார்கள். வளைந்து வளைந்து போகிற ஒற்றைக் குழாய்க்குப் பதில், பக்கவாட்டில் பல தட்டைக் குழாய்கள் இணையாக ஓடுகிற அலுமினியக் கண்டென்ஸர் வந்தது.

பழைய வண்டிகளுக்கு அந்த யோகம் இல்லை. ஆர்-12 கிடைக்காமல் போனதும் ஊர்ப் பட்டறைகளில் பழையதை வெளியே விட்டுவிட்டுப் புதியதை ஊற்றினார்கள், பழைய கண்டென்ஸர் அப்படியே இருந்தது. டிசம்பரில் பிரமாதமாக வேலை செய்யும். வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். ஏப்ரலில் திரும்பி வருவார்.

என் மாமா அப்படி மூன்று தடவை திரும்பிப் போனார். 1990-களில் வாங்கிய சின்ன கார், 796 சி.சி. எஞ்சின், வாயு மாற்றிய வண்டி. ஒவ்வொரு தடவையும் பட்டறையில் கேஜ் மாட்டிப் பார்த்து டாப்-அப் செய்து அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசம். "டேய், நீ இதுக்குத்தானே படிச்சே, வந்து பாரு" என்று மாமா கூப்பிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு, வண்டி நின்றபடி ஓடும்போது பார்த்தேன். உயர் அழுத்தப் பக்கம் முள் 400-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. வாளித் தண்ணீரைக் கண்டென்ஸர் மேல் மெதுவாக ஊற்றினேன். முள் சடசடவென்று இறங்கியது, உள்ளே குளிர் வந்தது. அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. சூட்டைக் கொட்ட முடியாத வண்டி அது. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பத்து வருஷத்துப் புழுதியும் பூச்சிகளும் கம்பளம் மாதிரி படிந்திருந்தன. மின்விசிறி மோட்டார் கிழடு தட்டிப் பாதி வேகத்தில் சுற்றியது. போதாக்குறைக்கு, வாயு அளவுக்கு மேல். கண்டென்ஸருக்குள் திரவம் தேங்கி, வாயு திரவமாக வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஆர்-12 வண்டியில் 134ஏ போடும்போது பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம்தான் போட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூன்று டாப்-அப்பில் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. வாயுவை மெஷினில் திரும்ப எடுத்து, கண்டென்ஸரைக் கழுவி, மோட்டாரை மாற்றி, அரை மணி நேரம் வேக்குவம் இழுத்து, தராசில் வைத்து எடை பார்த்து நிரப்பினோம். மாமா அந்தக் காரை அதற்கப்புறம் நாலு கோடைக்கு ஓட்டினார்.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கேஜைப் பார்த்து நிரப்புவது அவருக்கு அவர் குரு சொல்லிக்கொடுத்தது. ஆர்-12 காலத்தில் அது பெரும்பாலும் பலித்தும் இருக்கும். திரவம் ஓடுகிற பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது, குமிழி நின்றால் போதும் என்று நிரப்பினார்கள். ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வாயு பிடிக்கிற பெரிய வண்டிகளில் நூறு கிராம் முன்பின் ஆனாலும் தாங்கியது. இப்போது சின்ன கார்களுக்கு 400, 500 கிராம்தான். அதில் நூறு என்பது பெரிய விஷயம்.

வெயிலில் மட்டும் வருகிற கோளாறு எல்லாமே கண்டென்ஸர்தான் என்று சாதிக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் குளிர்ந்து, சிக்னலில் சுடுகிறது என்றால் அநேகமாக விசிறியும் கண்டென்ஸரும்தான். ஒரு மணி நேரம் ஓடியபின் கம்ப்ரஸர் 'டக்'கென்று விட்டுவிட்டு, எஞ்சின் ஆறினால் மறுபடி பிடிக்கிறதா? பேக்கார்டில் இல்லாத அந்தக் காந்த கிளட்சைப் பாருங்கள். தேயத் தேய இடைவெளி கூடும், சூட்டில் சுருளின் மின்தடை கூடிக் காந்தம் பலம் இழக்கும், இழுக்க முடியாமல் கைவிடும். சில வண்டிகளில் ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்தால் தீர்ந்துபோகும், அதற்குப் போய்க் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்ன கதைகள் என்னிடம் நிறைய உண்டு. காற்றின் வேகமே படிப்படியாகக் குறைந்தால் எவாப்பரேட்டரில் பனிக்கட்டி படிகிறது. சரியாக வேக்குவம் இழுக்காமல் ஈரம் உள்ளே நின்றிருந்தால், எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் அது உறைந்து அடைக்கும், கரைந்தால் திறக்கும். பேய் பிடித்த மாதிரி குளிர் வந்து வந்து போகும்.

டாப்-அப் பழக்கத்தின் பயங்கரமான முகம் ஒன்றும் உண்டு. 2011-ல் குளிரூட்டிய கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்து வியட்நாமிலும் பிரேஸிலிலுமாக மூன்று பேர் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் கலப்பட வாயு ஏற்றப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது மெத்தில் குளோரைடு. எந்த வாயுவை ஒழிக்க மிட்ஜ்லியை 1928-ல் உட்கார வைத்தார்களோ, அதே வாயு. அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்று பட்டாலே தீப்பிடிக்கிற பொருள் உண்டாகும். அந்த அலுமினியம்தான் நம் கார் கண்டென்ஸரிலும் கம்ப்ரஸரிலும் இருக்கிறது. பெயர் தெரியாத சிலிண்டரிலிருந்து பாதி விலைக்கு ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

ஆர்-134ஏ-வும் நிரந்தரம் இல்லை. ஓசோனை விட்டுவைத்தாலும், ராமநாதன் சொன்ன போர்வை வேலையை அது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் செய்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அதற்கு இடமில்லை. ஆர்-1234ஒய்எஃப் என்ற, லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய, விலை கூடிய வாயு வந்திருக்கிறது. 2016-ல் கிகாலியில் போட்ட உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது.

மின்சாரக் கார் வந்ததில் ஒரு பழைய கணக்கு நேராயிற்று. கம்ப்ரஸரைச் சுற்ற பெல்ட் இல்லை, மோட்டார் ஃப்ரிட்ஜில் இருப்பதுபோலக் குடத்துக்குள்ளேயே போய்விட்டது. ஷாஃப்ட் ஸீல் கசிவு ஒழிந்தது. ஆனால் பங்காளி ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறான். பல வண்டிகளில் அதே குளிர் வாயுதான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. சித்திரை வெயிலில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரிக்குத்தான் முதல் பந்தி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மிச்சம். அப்போது குளிர் குறைந்தால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கேஸ் கம்மி என்று சொல்லி யாராவது டாப்-அப் செய்ய வந்தால், சாதாரணக் கார் எண்ணெய் அதில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கசியவிடும், மோட்டாரின் காப்பு போய் வண்டியே கிளம்ப மறுக்கும். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது பெரும்பாலான வண்டிகளில் பானட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கிறது. பட்டறைக்குப் போகுமுன் செல்போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால், தராசை எடுக்கச் சொல்ல வசதியாக இருக்கும்.